உசத்தியான மாநிலம்

சேசு மரி சூசை துணை

காட்டூர், திருச்சி
12-7-1979

அன்புள்ள ரோசரி அப்பாவுக்கு,

அமலராணி எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் குழந்தையும் ஆண்டவர் கிருபையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

போன கடிதத்தில் காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருந்தேன். நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது. பீகாரில் எத்தனை கிராமத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, பஞ்சாபில் எத்தனை, நம் தமிழ்நாடு எந்த இடத்தில் நிற்கிறது, எல்லாம் விவரமாக இருந்தது. காய்ச்சல் விட்டதா இல்லையா என்பதை மட்டும் காணோம். உங்கள் அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடியே, "என்னம்மா, எப்படி இருக்கானாம் தைரியராஜு?" என்று கேட்டார். "பீகார் சரியில்லையாம் மாமா" என்றேன். "நான் பீகாரையா கேட்டேன்? எம் மகனைக் கேட்டேன்!" என்று என்மேல் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்யட்டும்?

வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறீர்கள், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்பது உங்கள் உத்தியோகம். மத்திய சர்க்கார் அதற்குத்தான் சம்பளம் தருகிறது. சரி. பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் அதையேதான் எழுத வேண்டுமா?

கல்யாணம் ஆன நாளாக நீங்கள் ஒரு மாநிலம், நான் ஒரு மாநிலம். கான்வென்ட் ஸ்கூலில் எனக்குத் தமிழாசிரியை வேலை நிரந்தரமாகிவிட்டது. அதை உதறிவிட்டு ஊர் ஊராக உங்கள் பின்னால் வர முடியாது என்று உங்களுக்கும் தெரியும். நீங்கள்தான் திருச்சிக்கு மாற்றல் கேட்க வேண்டும். இங்கேயும் உங்கள் இலாகாவுக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறதே. ஒரே வீட்டில், நாலு பேரைப் போல நாமும் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

ரோசரிக்கு நாலு வயசு ஆகிவிட்டது. வாசலில் வருகிற தபால்காரர் பிச்சமுத்துவை அவள் இன்னும் அப்பா என்று கூப்பிடவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

உங்கள்
அமலி

*

பாட்னா
25-7-1979

அன்புள்ள அமலிக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், திருப்தியா?

மாற்றல் விஷயமாகப் பெரிய அதிகாரியைப் பார்த்தேன். தெற்கே போக எனக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம். அதுவரை உங்களை லீவுக்காவது இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஒப்பிட்டுப் பார்த்தால் அது சரிப்படாது. போன வாரம் நான் போன கிராமத்தில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரிந்தது. அவளும் கல்யாணமாகி வங்காளத்தில் இருந்து வந்தவள். ரோசரியை இப்படிப்பட்ட இடத்துக்கு எப்படி அழைத்து வருவது?

ஆனால் மனிதர்கள் தங்கம். வெயிலில் போய் நின்றால் கடலைமாவைக் கரைத்து, உப்பும் வெங்காயமும் போட்டுக் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்கவிடுகிறார்கள். நம் ஊரில் கணக்கெடுக்கப் போனால் முதலில் நாய்தான் வரும். இந்த விஷயத்தில் பீகார் நம்மைவிட உசத்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். காட்டூர்க் கடையில் புழுங்கல் அரிசி என்ன விலை என்று மறக்காமல் எழுது. ஒப்பிட வேண்டும்.

அன்பு முத்தங்களுடன்
தைரியராஜ்

*

காட்டூர், திருச்சி
8-2-1981

ரோசரி அப்பாவுக்கு,

பாட்னாவிலிருந்து போபால், போபாலிலிருந்து ஷில்லாங்கா? அவர்கள் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள், நீங்களும் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். பெயரில் மட்டும் தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அதிகாரி முன்னால் போய் நின்று, "ஐயா, எனக்கும் குடும்பம் இருக்குங்க" என்று சொல்ல ஒரு வாய் இல்லையே உங்களுக்கு!

போபாலுக்குப் போனபோது, பீகாரைக் காட்டிலும் மத்தியப் பிரதேசம் பரவாயில்லை என்று எழுதினீர்கள். இப்போது மேகாலயா அதைக் காட்டிலும் பரவாயில்லை என்று எழுதப் போகிறீர்கள். உங்களுக்கு எங்கே போனாலும் ஏதோ ஒன்று பரவாயில்லாமல் இருக்கும். எனக்குத்தான் இங்கே எதுவும் பரவாயில்லாமல் இல்லை. மாமாவுக்குக் கால் வீக்கம் வந்து வற்றியது. கிணற்றுச் சகடை உடைந்தது. ரோசரியை ஸ்கூலில் சேர்த்தேன். சேர்க்கும்போது சிஸ்டர், "அப்பா எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டதற்கு, "மத்தியப் பிரதேசம்" என்று உச்சரிப்புப் பிசகாமல் சொன்னாள். சிஸ்டர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஸ்கூலில் கணக்குப் பாடம் எடுக்கும் ஸ்ரீரங்கம் ரங்கநாயகியைத் தெரியுமல்லவா? அவள் வீட்டுக்காரர் டில்லி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்துவிட்டார். "ஏண்டி அமலா, எங்காத்து மனுஷரே வந்துட்டார். உங்காத்துக்காரர் இந்தியா பூரா அளந்துண்டே இருப்பாரா?" என்று கேட்கிறாள். எல்லார் முன்னாலும் கேட்கிறாள். மானம் போகிறது.

அரிசி விலையை நான் எழுதப்போவதில்லை. வந்து கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமலி

*

ஷில்லாங்
20-4-1981

அன்புள்ள அமலிக்கு,

கோபப்படாதே. நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் வர ஆள் கிடைப்பதில்லை. அதனால் இங்கே மூன்று வருஷம் ஓட்டிவிட்டால், அதன்பிறகு நாம் கேட்கிற மாநிலத்தையே தருவதாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் ஏறி வந்தேன். இன்னும் மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொள்.

இங்கே ஒரு விசித்திரம் கேள். காசி என்று ஓர் இனம், வாரணாசிக் காசி இல்லை, இந்த மலைக்காரர்கள். அவர்களிடையே வீடும் சொத்தும் கடைசி மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கணக்கெடுக்கப் போனால் குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்கு யாரை எழுதுவது என்று எனக்கே குழப்பமாகிவிடுகிறது. பீகாரையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே நாடுதானா என்று தோன்றுகிறது. பெண்களைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நமக்கும் ஒரு பெண் குழந்தை இருப்பதால் இதையெல்லாம் கவனமாகப் பார்க்கிறேன்.

குளிர் அதிகம். நீ பின்னிய ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்
தைரியராஜ்

*

காட்டூர், திருச்சி
14-11-1983

ரோசரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எந்த மாநிலம் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லிவிட்டார்களாம். எதை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களாம். யோசிக்கிறீர்களாம்!

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இந்த ஒரு நாளுக்காகத்தானே பாலக்கரை சகாயமாதா கோயிலுக்குப் புதன்கிழமை தவறாமல் நவநாள் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசி மாப்பிள்ளைகளைப் பற்றி விழுந்து விழுந்து எழுதினீர்களே, அவர்களாவது பெண்டாட்டி வீட்டுக்கு வந்து சேருகிறார்கள்.

உங்களிடம் சொல்லிப் பயனில்லை. எந்த மாநிலம் உசத்தியோ அதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறோம். எனக்கென்ன ஸ்கூலா, வேலையா, வெட்டியாகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

மாமா கேட்கச் சொன்னார்: "அவனுக்கு எங்க முகமாவது ஞாபகம் இருக்கா?"

அமலி

*

காட்டூர், திருச்சி
18-3-1984

என் அன்பிற்குரிய ரோசரி அப்பாவுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது! மாதா என்னைக் கைவிடவில்லை. நான் உங்களை எவ்வளவோ பேசிவிட்டேன், எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்.

முந்தாநாள் மத்தியானம் பிச்சமுத்து சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். தந்தி என்றதும் நான் கையை நீட்டவே இல்லை. அவரே பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பயப்படாதீங்க, சந்தோஷ சமாச்சாரம்தான். ஐயா மே முதல் தேதி நம்ம திருச்சிக்கே மாத்தலாகி வர்றாரு" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். டி, ஆர், ஐ, சி, எச் வரைக்கும் படித்தேன். அதற்குமேல் கண்ணீர் மறைத்துவிட்டது. பிச்சமுத்துவுக்குக் காபி கொடுத்து, ஐந்து ரூபாயும் கொடுத்தேன்.

மாமா கைத்தடியை எடுத்துக்கொண்டு பொன்மலைக்கே போய்விட்டார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் தன்னோடு வேலை பார்த்த ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. ரங்கநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து பிரசாத வடை கொண்டு வந்து, "பெருமாள் அனுக்ரஹம்டி, இனிமே நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு கிளாஸுக்கு வரப்படாது" என்றாள். ரோசரி கிளாஸ் முழுக்கச் சொல்லி, இனிமேல் எங்கள் அப்பாதான் ஸ்கூலில் கொண்டுவந்து விடுவார் என்று சபதமே செய்துவிட்டாள்.

மே முதல் தேதிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது! வரும்போது ஒன்றும் வாங்கி வர வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

என்றும் உங்கள்
அமலி

*

ஷில்லாங்
16-3-1984

அன்புள்ள அமலிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். நீ எழுதியபடியே செய்துவிட்டேன்! உசத்தியான மாநிலத்தையே கேட்டேன், கிடைத்துவிட்டது. கேரளம். திருச்சூர் ஆபீஸ்.

இத்தனை வருஷம் நான் பார்த்த மாநிலங்களையும் பார்க்காத மாநிலங்களையும் வைத்து ஒப்பிட்டேன். குழந்தைகள் பிழைத்து வளருவதில் கேரளம் முதல். படிப்பில் முதல். நூற்றுக்கு எழுபது பேருக்கு எழுதப் படிக்கத் தெரிகிறது. நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் கொஞ்சம் கீழேதான், பீகாரில் கால்வாசி. ஒரு பெண் குழந்தை பிறக்க, வளர, படிக்க இந்த நாட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ரோசரிக்காகத்தான் இந்த முடிவு. நீயும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவதாக எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக வேலை வேலை என்று பிடிவாதம் பிடித்தவள், எனக்காக இறங்கி வந்தாயே.

ராஜினாமாக் கடிதம் கொடுக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஸ்கூலில் விசாரித்து வை.

அன்பு முத்தங்களுடன்
தைரியராஜ்

*

காட்டூர், திருச்சி
27-3-1984

திரு. தைரியராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சுவரோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

திருச்சூர்! ஊரெல்லாம் திருச்சி என்று சொல்லிவிட்டு, இப்போது ஒவ்வொருத்தரிடமும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிச்சமுத்து தெருமுனையிலேயே சைக்கிளைத் திருப்பிவிடுகிறார். அவரைச் சொல்லி என்ன? டிரிச்சி, டிரிச்சூர், இங்கிலீஷில் முதல் ஐந்து எழுத்தும் ஒன்றுதானே, நானும்தான் பாதியோடு நிறுத்திவிட்டேன். மாமா கைத்தடியை மூலையில் சாத்திவிட்டார். பிறகு, "கேட்டது கிடைக்கும்னாங்களே, அப்ப இவன் கேட்டதே அதுதானா?" என்றார்.

கோபத்தில் ஒரு பெண்பிள்ளை கத்தியதை வாக்குமூலம் மாதிரி எழுதி வைத்துக்கொண்டீர்களே! எந்த ஊரிலாவது எந்தப் பெண்டாட்டியாவது, "உசத்தியான மாநிலத்தைக் கேளுங்கள்" என்று நிஜமாகச் சொல்லுவாளா? நேரில் சொல்லியிருந்தால் என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்திருக்கும். என் மூஞ்சி எங்கே உங்களுக்குத் தெரிகிறது!

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு வேறு வித்தை தெரியாது. திருச்சூரில் யாருக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுப்பது? இருபத்திரண்டு மாநிலத்தையும் ஒப்பிட்டபோது இந்த ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எரிச்சலாக இருக்கிறது. அழக்கூட வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

அமலராணி

*

திருச்சூர்
6-5-1984

அன்புள்ள அமலிக்கு,

இங்கே வரும் வழியில் காட்டூரில் இருந்த ஒரு வாரமும் நீ சோறு போட்டாயே தவிர வாய் திறக்கவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றவாளி மாதிரி ரயில் ஏறினேன்.

ஷில்லாங்கிலிருந்து கிளம்பும் முன்பே ஆபீஸில் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவைதான் கேட்கலாமாம். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாதாம்.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு தடவை வந்து பார், பிறகு சொல். வீடு பிடித்துவிட்டேன். கிணறு உள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் மாதா கோயில். ரோசரிக்குக் கான்வென்டில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டுக்கு நம் நான்கு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். ராத்திரி திருச்சியில் ரயில் ஏறினால் காலையில் இங்கே. கோடை லீவில் ஒரு பத்து நாள் வா, அமலி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தைரியராஜ்

*

சேசு மரி சூசை துணை

காட்டூர், திருச்சி
10-6-1984

ரோசரி அப்பாவுக்கு,

நானும் ரோசரியும் திருச்சூரிலிருந்து சௌகரியமாக ஊர் வந்து சேர்ந்தோம். நாங்கள் இல்லாத நாட்களில் மாமாவை அவருடைய சிநேகிதர் அற்புதசாமி நன்றாகப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு ஸ்கூல் திறக்கிறது. அதற்குமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. கேரளம் நீங்கள் எழுதியபடியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். டீக்கடையில் சட்டை போடாத ஆள்கூடப் பேப்பர் படிக்கிறான். பெண்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். எல்லாம் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் ஆபீஸ் போயிருந்த அன்றைக்கு நானும் ரோசரியும் ஊர் நடுவில் இருக்கும் பெரிய மாதா கோயிலுக்குப் போனோம். திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஒவ்வொரு பஸ்ஸாக வருகிறது, போகிறது. ஒரு போர்டும் எனக்குப் புரியவில்லை. அந்த எழுத்து சுழி சுழியாக ஓடுகிறது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாயிக்கான் அறியில்லே?" என்று கேட்டாள். படிக்கத் தெரியாதா என்று கேட்கிறாள். ஏளனமாக இல்லை, நிஜமாகவே பாவப்பட்டுக் கேட்டாள். அவளே போர்டைப் படித்து, கையைப் பிடித்து எங்களை பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம், "அக்ஷரம் அறியாத்த பாவமா, ஸ்டாப்பில் இறக்கி விடணே" என்று, எழுத்துத் தெரியாதவளுக்காகச் சிபாரிசு சொல்லிவிட்டுப் போனாள். ரோசரி என் முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மா கரும்பலகையில் எழுதினால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று படிக்கும். அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த மீன்காரம்மாளை நான் எந்த வாயால் திட்டுவேன்? அவள் சொன்னது உண்மைதானே.

அன்று சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைச் சொன்னேன், நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஆறு மாசத்துல வந்துடும் அமலி. ஒப்பிட்டுப் பார்த்தா, வடக்கே இருந்து வர்றவங்களைவிடத் தமிழ்க்காரங்களுக்கு மலையாளம் சீக்கிரம் வருது" என்றீர்கள். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இனிமேல் உங்களோடு சண்டை போடுவதற்குக்கூட எனக்கு மனசில்லை.

நான் ராஜினாமா செய்யப் போவதில்லை. ரோசரியும் இங்கேதான் படிப்பாள். திருச்சிக்கு மாற்றல் கேளுங்கள் என்று இனி எந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், நவநாளிலும் கேட்க மாட்டேன். நீங்கள் உங்கள் அப்பாவையும் பிள்ளையையும் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், இது உங்கள் வீடு. வந்தால் சோறு இருக்கும். நான் அங்கே வர மாட்டேன்.

ரேஷன் கார்டில் கொடுத்த பெயர்களில் எங்கள் மூன்று பேரையும் அடித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி போய்ச் சேர்ந்து, உங்கள் உசத்தியான மாநிலத்தின் கணக்கு என்னால் குறைய வேண்டாம்.

இப்படிக்கு
பா. அமலராணி
தமிழாசிரியை